வாசகர் கேள்விகள்: சுடும் மணலில் பங்குனி ஆமை

ஆமை கரையேறும் பருவம் என்பதால் இம்முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஆமையைப் பற்றியே இருந்தன. சிலர் வெயிலைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், சிலர் கடல் அரிப்பைப் பற்றி, ஒருவர் அகநானூற்றைப் பற்றி. எல்லாம் ஒரே மணலைச் சுற்றித்தான் வருகின்றன என்பதால் இந்த இதழ் முழுக்கப் பங்குனி ஆமைக்கே. ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி என்னும் கடலாமை இது. சிற்றாமை என்று சில கரைகளில் சொல்வதும் இதைத்தான்.

பூமி சூடாவதால் கடலாமைகள் எல்லாம் பெண்ணாகவே பிறக்கின்றன என்று படித்தேன். சூடு எப்படி ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும்? பெண் கூடினால் முட்டையும் கூடும்தானே, அதில் என்ன கெடுதல்?
*வாசகி, பெசன்ட் நகர்*

நமக்கு இருப்பதுபோல ஆண், பெண் என்று பிரிக்கும் குரோமோசோம் கடலாமைக்குக் கிடையாது. முட்டை மணலில் விழும்போது உள்ளே இருப்பது இரண்டும் இல்லை. பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகிறது. அதை மூன்று பங்காக்கினால் நடுப் பங்கில், ஏறத்தாழ 16ஆம் நாளிலிருந்து 35ஆம் நாளுக்குள், முட்டையைச் சுற்றியுள்ள மணலின் சூடுதான் பாலை முடிவு செய்கிறது. பங்குனி ஆமைக்கு 29, 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் ஆணும் பெண்ணும் பாதிப்பாதி. இரண்டு டிகிரி இறங்கினால் பெரும்பாலும் ஆண். இரண்டு டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட எல்லாமே பெண். 34, 35ஐத் தாண்டி அப்படியே நீடித்தால் பால் பற்றிய பேச்சுக்கே இடமில்லை, கரு உள்ளேயே செத்துவிடும்.

ஆக, முழு ஆணுக்கும் முழுப் பெண்ணுக்கும் இடையே உள்ள தூரம் நான்கு டிகிரிதான். இது வெறும் கணக்கு இல்லை என்பதற்கு ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதி சாட்சி. அங்கே பேராமைகளை (பச்சை ஆமை) ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். வளர்ந்த ஆமைகளில் பெண் 87 சதவீதம். இளம் ஆமைகளில் 99 சதவீதத்துக்கும் மேல். ஒரே கடலில் மூத்த தலைமுறைக்கும் இளைய தலைமுறைக்கும் அத்தனை வித்தியாசம்.

உங்கள் இரண்டாவது கேள்வி நியாயமானது, அதை யாரும் சரியாகப் பேசுவதில்லை. ஓரளவு பெண் கூடியிருப்பது ஆமைக் கூட்டத்துக்குக் கெடுதல் இல்லை. ஓர் ஆண் பல பெண்களோடு இணையும். பல கடலாமை இனங்களில் பெண் சில ஆண்டு விட்டே முட்டையிட வரும், ஆண் அதைவிட அடிக்கடி இனப்பெருக்கத்துக்கு வரும். அதனால் ஆண் கொஞ்சம் குறைந்தாலும் சமாளித்துவிடும். சிக்கல் காலத் தாமதத்தில் இருக்கிறது. இன்று பொரிக்கும் குஞ்சு முட்டையிடும் வயதுக்கு வரப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும். அதுவரை கரையில் முட்டை குறையாது, கூடவும் செய்யலாம். எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே தெரியும். பிறகு ஒரு நாள் கருவுறாத முட்டைகள் வரத் தொடங்கும்போது, அதைத் திருத்தும் காலம் பதினைந்து ஆண்டுக்கு முன்பே போயிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. சூடான மணலில் சீக்கிரம் பொரிக்கும் குஞ்சு உடல் சிறுத்துப் பிறக்கிறது. மெதுவாக நடக்கும், மெதுவாக நீந்தும். நண்டுக்கும் காக்கைக்கும் அதுதான் முதலில் அகப்படும்.

எங்கள் கரையில் வனத்துறை அனுமதியோடு குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறோம். பிப்ரவரி முட்டைகள் நன்றாகப் பொரித்தன. மார்ச் கடைசியில் வைத்தவற்றில் பல குழிகள் அழுகிப்போயின. வெயில்தான் காரணம் என்கிறார்கள். பந்தல் போடலாமா?
*வாசகர், கடலூர்*

போடலாம். ஆனால் அதற்கு முன் உண்மையில் வெயில்தானா என்று பாருங்கள். பொரிப்பகத்தில் எது கெட்டாலும் வெயிலின் தலையில் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

முதல் குஞ்சு வெளிவந்து மூன்று நாள் கழித்துக் குழியைத் தோண்டி, பொரிக்காத முட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். மூக்கை மூடிக்கொண்டாவது பாருங்கள், விடை அங்கேதான் இருக்கிறது. உள்ளே கருவே தெரியவில்லை என்றால் கருவுறாத முட்டை, அல்லது முதல் ஓரிரு நாளில் செத்தது. கண் மட்டும் கறுப்புப் புள்ளியாகத் தெரியும் சின்னக் கரு பல முட்டைகளில் ஒரேபோல நின்றிருந்தால், கையாண்டதில் பிழை நடந்திருக்கலாம். ஓடு, துடுப்பு எல்லாம் முழுதாக வளர்ந்து செத்துக் கிடந்தால் கடைசிப் பங்கில் சூடோ மூச்சுத் திணறலோ நேர்ந்திருக்கிறது. இந்த மூன்றாவது வகைக்குத்தான் பந்தல் மருந்து.

கையாளும் பிழையில் முதன்மையானது தாமதம். முட்டை இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்சவ்வில் மேற்புறமாக ஒட்டத் தொடங்கிவிடும். ஆறு மணி நேரத்துக்குள் புதுக் குழிக்குப் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு எடுப்பதானால் மேல் கீழ் புரளாமல், இருந்த நிலையிலேயே தூக்க வேண்டும். ஒரு நாள் கழிந்த கூட்டைத் தொடாமல் அங்கேயே விட்டு, சுற்றி வலை அடிப்பது மேல். பாலித்தீன் பையில் முட்டை எடுத்துவருவதை விடுங்கள். அது வியர்த்துச் சூடாகும். ஈர மணல் கொஞ்சம் போட்ட துணிப்பை போதும். கழுவ வேண்டாம், முட்டையோடு வரும் வழவழப்பும் மணலும் அப்படியே குழிக்குப் போகட்டும்.

குழி ஆமை தோண்டும் குழியைப் போலவே இருக்க வேண்டும். வாய் குறுகி, அடி அகன்று, குடம்போல. ஆழம் 45 சென்டிமீட்டர், நம் கணக்கில் ஒன்றரை அடி. ஆழத்தில் குளிர்ச்சி என்று நினைத்து இரண்டரை அடி தோண்டியவர்கள் உண்டு. அங்கே காற்று குறைவு, குஞ்சு மேலே வருவதற்குள் களைத்துப்போகும். குழிக்குக் குழி ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள். நூறு கரு ஒன்றாக வளரும்போது அவையே சூட்டை உண்டாக்கும், கடைசி வாரங்களில் கூட்டின் உள்ளே சுற்று மணலைவிட ஓரிரண்டு டிகிரி கூடுதலாக இருக்கும். நெருக்கி வைத்தால் பக்கத்துக் கூட்டின் சூடும் சேரும். போன ஆண்டு இருந்த அதே இடத்தில் இந்த ஆண்டும் பொரிப்பகம் போடாதீர்கள். பழைய முட்டை ஓட்டில் வளர்ந்த பூஞ்சணமும் எறும்பும் அங்கே காத்திருக்கும்.

இனி பந்தல். முதலில் அளவுகோல். முட்டை இல்லாத ஒரு வெறும் இடத்தில் 45 சென்டிமீட்டர் ஆழத்தில் வெப்பமானியின் முனையைப் புதைத்து, தினமும் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை எழுதுங்கள். அந்த ஆழத்தில் பகலுக்கும் இரவுக்கும் பெரிய ஏற்ற இறக்கம் இருக்காது, அதனால் இரண்டு அளவே போதும். வெறும் மணலே 32ஐத் தொட்டுவிட்டால், கூட்டுக்குள் 33, 34 ஓடும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது பந்தல் வேண்டும்.

சவுக்குக் கழி நட்டு, ஆறடி உயரத்தில் தென்னங்கீற்றோ பாதி வெயிலை மறைக்கும் பசுமை வலையோ கட்டுங்கள். நான்கு பக்கமும் திறந்திருக்க வேண்டும், கடற்காற்று ஓட வேண்டும். தகரம் கூடாது, அது பகலெல்லாம் கொதித்துக் கீழே அனலை இறக்கும். தாழப் படுத்த கீற்றும் கூடாது. நல்ல பந்தல் மணலை ஒன்றிரண்டு டிகிரி இறக்கும். மேலே சொன்ன நான்கு டிகிரிக் கணக்கில் அது சின்னத் தொகை இல்லை.

தண்ணீர் தெளிப்பதானால் நல்ல தண்ணீர், மாலையில், பூவாளியால், மேல் மணல் நனையும் அளவுக்கு. கடல்நீரைத் திரும்பத் திரும்ப ஊற்றினால் உப்பு மணலில் தங்கி முட்டையிலிருந்து ஈரத்தை இழுக்கும். குடம் குடமாக ஊற்றினால் மணலின் காற்றிடம் அடைபட்டு முட்டை மூச்சு முட்டும். வெயிலில் செத்ததாக எழுதப்படும் கூடுகளில் சில, வெயிலுக்குப் பயந்து ஊற்றிய தண்ணீரில் செத்தவை.

ஜனவரி, பிப்ரவரிக் கூடுகளுக்குப் பந்தல் வேண்டாம். அந்த மணல் தானாகவே குளிர்ந்திருக்கிறது, ஆண் குஞ்சுகளில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வர வேண்டும். மார்ச் நடுவிலிருந்து கட்டலாம். எல்லாக் கூட்டையும் குளிர வைத்து எல்லாவற்றையும் ஆணாக்குவது நம் வேலை இல்லை. குஞ்சைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது என்பதால், நாம் மிஞ்சிப் போனாலும் நமக்குத் தெரியவராது. கரு சாகாமல் பார்த்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் கடல் அரிப்பைத் தடுக்கக் கருங்கல் சுவர் கட்டியிருக்கிறார்கள். தூண்டில் வளைவும் வரப்போகிறது. முன்பு ஆமை வந்த கரை இது. இனி வருமா?
*வாசகர், நாகப்பட்டினம்*

வரும். வந்து திரும்பிப் போகும்.

இரவில் கரையேறும் ஆமை ஈர மணலைத் தாண்டி, அலை தொடாத உலர்ந்த மேட்டைத் தேடி நகர்கிறது. வழியில் கல் தட்டினால் திரும்பிக் கடலுக்குள் போகும். மறுநாளோ சற்று நேரம் கழித்தோ மறுபடி ஏறிப் பார்க்கும். இரண்டு மூன்று தடவை இப்படி ஆனபின், கல்லுக்கும் அலைக்கும் இடையே கிடைத்த ஒடுங்கிய பட்டையில் இட்டுவிட்டுப் போய்விடும். அந்த இடத்தில் பௌர்ணமி, அமாவாசை ஓதம் ஏறினால் கூடு நனையும். உப்புநீரில் சில மணி நேரம் மூழ்கிய முட்டை பிழைப்பது அரிது.

கல் இல்லாத கரையில் கடல் முன்னேறினால் மணலும் பின்வாங்கி, மேடு உள்ளே நகர்ந்து, கரை என்ற ஒன்று எப்படியும் மிஞ்சும். பின்னால் சுவரோ சாலையோ இருந்தால் மணலுக்குப் பின்வாங்க இடமில்லை. முன்னால் கடல் ஏற, பின்னால் கல் நிற்க, நடுவில் கரை காணாமல் போகிறது. கடல்மட்டம் உயர்வது பருவநிலையின் வேலை. ஒதுங்க இடமில்லாமல் செய்தது நம் வேலை.

மேலே சொன்ன சூட்டுக் கதையும் இங்கேதான் வந்து சேர்கிறது. அகன்ற கரையில் எல்லா இடமும் ஒரே சூடாக இருப்பதில்லை. அடும்பங்கொடி படர்ந்த இடம் ஒரு சூடு, வெட்டவெளி ஒரு சூடு, ஈரம் ஏறும் தாழ்வு ஒரு சூடு. வெள்ளை மணல் ஒரு சூடு, தென்கோடியில் கிடைப்பதுபோலத் தாதுமணல் கலந்து கறுத்தது வேறு சூடு. நூறு ஆமை நூறு இடத்தில் இட்டால் ஆணும் வரும், பெண்ணும் வரும். கரை பத்தடிப் பட்டையாகச் சுருங்கினால் எல்லாக் கூடும் ஒரே சூட்டில் வேகும், அல்லது ஒரே அலையில் போகும். அதனால்தான் பந்தலையும் பொரிப்பகத்தையும்விட அகலமான கரைதான் ஆமைக்கு முதல் மருந்து என்று சொல்வோம். பொரிப்பகம் அந்த மருந்து கிடைக்காத இடத்துக்கு.

தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல்லணை பற்றி. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே மணலை நகர்த்துகிறது. சென்னை மீனவர்கள் அதைத் தெண்டி என்பார்கள். வடகிழக்குப் பருவத்தில் இது திரும்பும், ஆனால் நிகரக் கணக்கு வடக்கு நோக்கியே. குறுக்கே கல்லை நீட்டினால் தென்புறம் மணல் சேரும், வடபுறம் அரிக்கும். 1870களில் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை அரித்தது. புதுச்சேரியில் 1980களின் கடைசியில் வந்த துறைமுகக் கல்லணைகளுக்குப் பிறகு நகரக் கரையே மறைந்து, பல ஆண்டு கழித்துக் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்து மணலை மீட்க வேண்டியதாயிற்று. உங்கள் ஊருக்கு வளைவு வந்தால் உங்கள் கரை நிற்கலாம். வடக்கே அடுத்த ஊர்க்காரர்கள் இதே கேள்வியை எங்களுக்கு எழுதுவார்கள். 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் போட்ட கணக்கில், தமிழ்நாட்டுக் கரையில் 42.7 சதவீதம் அரிப்பில் இருக்கிறது. ஆறுகளில் அணைகளும் மணல் அள்ளுதலும் கடலுக்கு வரவேண்டிய மணலைத் தடுத்ததும் அதில் சேர்த்தி.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதைச் சீக்கிரம் செய்யுங்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் ஆமை முட்டையிடும் கரை முதல் வகையில், மிக நுட்பமான பகுதி என்ற பிரிவில் வருகிறது. ஆனால் உங்கள் கரை ஆமைக் கரை என்பது மாவட்டத்தின் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் இருந்தால்தான் அது பேசும். தேதி, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, கூடா வெறும் தடமா, முட்டை எண்ணிக்கை, வனத்துறைப் பதிவு, புகைப்படம். மூன்று பருவத்துக்கு இவற்றைச் சேர்த்து, வரைவுத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்கும்போது எழுத்தில் கொடுங்கள். “எங்கள் தாத்தா காலத்தில் ஆமை வரும்” என்ற வாய்மொழி அங்கே எடுபடாது.

இந்தக் கரை சூடானால் ஆமை குளிர்ந்த கரைக்கோ குளிர்ந்த மாதத்துக்கோ தானே மாறிக்கொள்ளாதா?
*மாணவர், தூத்துக்குடி*

மாதத்தை மாற்றுகின்றன. அமெரிக்காவின் புளோரிடாவில் பெருந்தலை ஆமைகள் கடல்நீர் சூடேறிய ஆண்டுகளில் முன்னதாகவே முட்டையிடத் தொடங்கியது பதிவாகியிருக்கிறது. இடத்தையும் கொஞ்சம் மாற்றுகின்றன. மத்தியதரைக் கடலில் முன்பு அரிதாகவே கூடு கட்டிய ஸ்பெயின், இத்தாலிக் கரைகளில் இப்போது அடிக்கடி கூடு காணப்படுகிறது.

ஆனால் பெண் ஆமை தான் பிறந்த கரையை ஒட்டியே முட்டையிட வரும் பழக்கம் உடையது, புதுக் கரையைப் பிடிக்கப் பல தலைமுறை ஆகும். பழைய காலத்தில் பருவநிலை மாறியபோது ஆமைக்கு ஆயிரக்கணக்கான ஆண்டு அவகாசமும் காலியான கரையும் இருந்தன. இப்போது இரண்டும் இல்லை. நம் கரையில் டிசம்பருக்கு முன்னால் நகர்ந்தால் வடகிழக்குப் பருவமழையும் புயலும் நிற்கின்றன, ஏப்ரலுக்குப் பின்னால் நகர்ந்தால் கத்திரி வெயில்.

உங்கள் மன்னார் வளைகுடாவிலேயே பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரு தீவுகள் நீருக்கடியில் போய்விட்டன. சுற்றியிருந்த பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் அலைத்தடுப்பு போனது பெரிய காரணம். தீவு போனால் அதன் கரை உயிர்களுக்கு மாறிக்கொள்ள எங்கே இடம்?

அகநானூற்றில் (160) ஆமை முட்டையிட்டுப் புதைத்ததையும், குஞ்சு ஆகும்வரை அதன் “கணவன்” காத்ததையும் பாடியிருக்கிறார்கள். ஆண் ஆமை காவல் இருப்பது உண்மையா?
*தமிழாசிரியை, மயிலாடுதுறை*

இல்லை. கடலாமையில் ஆண் பெரும்பாலும் கரையேறுவதே இல்லை. பெண்ணும் முட்டையை மூடிவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் கடலுக்குப் போய்விடும், திரும்பிப் பார்க்காது. காவல், கவிதையின் அழகு.

மற்றதெல்லாம் கண்ணால் பார்த்தவர் எழுதியது. கொடி சிதைபடும் அடும்பு, மேடாகக் குவிந்த வெண்மணல், புதைத்து மறைக்கும் செயல், வட்டுப்போன்ற முட்டையின் புலவு நாற்றம். இன்றைக்கும் நல்ல கூட்டுக் கரைக்கு அடையாளம் கேட்டால் இதைத்தான் சொல்வோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சின்ன விடுதி நடத்துகிறேன். கரைப்பக்கம் சவுக்கு நட்டு நிழலாக்கினால் ஆமைக்கு நல்லதுதானே? விளக்கு விஷயத்தில் என்ன செய்ய வேண்டும்?
*வாசகர், கோவளம்*

கரைமேட்டில் சவுக்கு வேண்டாம். அதன் வேர் மணலைப் பின்னிக் கொள்கிறது, உதிரும் ஊசி மெத்தைபோல மூடுகிறது, ஆமைக்குத் தோண்ட முடிவதில்லை. தோண்டினாலும் வேர் முட்டைக்குள் புகும். அடும்புக்கொடியும் இராவணன் மீசையும் அங்கே இருந்தால் அவற்றை “களை” என்று செதுக்காமல் விடுங்கள். காற்றில் வரும் மணலைப் பிடித்து மேட்டை வளர்ப்பவை அவைதான். இராவணன் மீசை குத்தும் என்று விருந்தினர் முறையிட்டால் ஒற்றையடிப் பாதை ஒன்று விட்டுக்கொடுங்கள்.

விளக்கு. குஞ்சு வெளிவந்ததும் தாழ்வான, வெளிச்சமான அடிவானம் எங்கே என்று பார்த்து ஓடும். இருட்டுக் கரையில் அது கடல். உங்கள் விடுதியின் விளக்கு எரிந்தால் அது உங்கள் விடுதி. ஜனவரி முதல் மே வரை இரவு 11 முதல் காலை 5 வரை கடல் பார்க்கும் விளக்குகளை அணையுங்கள். அணைக்க முடியாதவற்றை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, கடல்பக்கம் மூடி அடித்து, அம்பர் அல்லது சிவப்பு எல்.இ.டி.க்கு மாற்றுங்கள். 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளம் என்று கேட்டு வாங்குங்கள். மஞ்சள் கண்ணாடித்தாள் ஒட்டிய வெள்ளை விளக்கு பயன்படாது. சரிபார்க்கும் வழி எளிது. இரவு அலையோரத்தில் மணலில் படுத்துக்கொண்டு பாருங்கள். பல்பு நேராகக் கண்ணில் பட்டால் குஞ்சின் கண்ணிலும் படும்.

விசைப்படகுக்காரன் நான். ஆமை செத்து ஒதுங்கினால் எங்கள் மடியைத்தான் சொல்கிறார்கள். வெயில், அரிப்பு எல்லாம் இருக்க நாங்கள் மட்டுமா காரணம்? மயங்கிய ஆமை வலையில் வந்தால் என்ன செய்வது?
*வாசகர், காசிமேடு*

நீங்கள் மட்டும் இல்லை. ஆனால் நேராகச் சொல்லிவிடுகிறோம்: வளர்ந்த ஆமைக்கு வெயிலும் அரிப்பும் எமன் இல்லை, விசைப்படகு இழுத்துச் செல்லும் இழுவை மடி வலைதான். 2025 ஜனவரியில் சென்னையிலும் அதையொட்டிய கரைகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் இல்லை. ஓய்வாகக் கிடந்தால் நீருக்கடியில் வெகுநேரம் இருக்கும். மடிக்குள் மாட்டித் துடிக்கும்போது மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும், இரண்டு மூன்று மணி நேரம் இழுத்தால் பிழைக்காது. குஞ்சு நூறு போனாலும் இயற்கைக் கணக்கில் பெரும்பகுதி போகவேண்டியதுதான். பதினைந்து ஆண்டு தப்பி வந்த ஒரு தாய் போனால் ஈடு இல்லை.

காலமும் இடமும் இங்கே ஒத்துப்போகவில்லை. கிழக்குக் கரையின் 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14இல் முடிகிறது. ஆமை ஜனவரியிலிருந்தே கரையருகே கூடுகிறது. அதனால் அந்த மாதங்களில் ஆமைக்கு இருக்கும் காவல், கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப்படகு வரக்கூடாது என்ற விதிதான்.

துறைமுகத்தில் “டெட்” என்று சொல்லும் ஆமை விலக்குக் கருவி, மடியின் கழுத்தில் சாய்வாகப் பொருத்தும் கம்பிச் சட்டம். இறால், சிறு மீன் கம்பி இடைவெளியில் பைக்குள் போகும். ஆமை சட்டத்தில் மோதிச் சறுக்கி மேல்வாயில் வெளியேறும். அமெரிக்காவுக்கு இறால் அனுப்பும் நாடுகளுக்கு அந்நாடு கேட்கும் அளவில் கம்பி இடைவெளி 4 அங்குலத்துக்கு மிகக்கூடாது. சாய்வு 30 முதல் 55 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் நிமிர்ந்தால் ஆமை வெளியேறாது, குப்பையும் கம்பியை அடைக்கும். அளவு மீறிப் படுத்தால் மீன் போகும். “டெட் போட்டால் பாதி மீன் போகிறது” என்ற முறையீடு பெரும்பாலும் தவறான சாய்வில் கட்டிய சட்டத்தைப் பற்றியது. கம்பி இடைவெளியில் நுழையாத பெரிய மீன் சில போவது மட்டும் உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை.

அசையாத ஆமையைச் செத்தது என்று உடனே கடலில் தள்ளாதீர்கள். மயக்கமாக இருக்கலாம், தள்ளினால் மூழ்கிச் சாகும். வயிற்றுப்பக்கம் கீழே இருக்கும்படி பலகையில் கிடத்தி, பின்புறத்தை அரையடி உயர்த்தி, தலை தாழ வையுங்கள். நுரையீரலில் ஏறிய நீர் வடியும். மல்லாக்கப் போடக்கூடாது. நிழலில் வைத்து, ஈரச் சாக்கு போர்த்துங்கள், மூக்கை மூடாதீர்கள். நீர் நிரம்பிய தொட்டியில் விடாதீர்கள். அவ்வப்போது கண்ணோரத்தையோ வாலையோ மெல்லத் தொட்டுப் பாருங்கள். தெளிய 4 மணி நேரமும் ஆகும், 24 மணி நேரமும் ஆகும். தெளிந்தபின் இஞ்சினை நிறுத்தி, மடி நீரில் இல்லாதபோது, படகின் பின்பக்கமாக மெதுவாக இறக்குங்கள்.

குஞ்சு விடும் நிகழ்ச்சிக்குக் குழந்தைகளை அழைத்துப்போகலாமா? கையில் வாங்கி நீரில் விடலாமா?
*வாசகி, திருவான்மியூர்*

அழைத்துப்போங்கள். கையில் வாங்க வேண்டாம். குஞ்சு மணலில் நடந்துதான் கடலின் திசையைத் தனக்குள் பதித்துக்கொள்கிறது, பிறகு அதே திசையில் நீந்துகிறது. அலைக்குச் சில மீட்டர் முன்னால் மணலில் விட்டால் போதும். பிளாஷ் வேண்டாம், செல்போன் டார்ச் வேண்டாம். மாலை விருந்தினர் வரும்வரை வாளியில் வைத்திருக்கும் பொரிப்பகமாக இருந்தால் கேள்வி கேளுங்கள். வெளிவந்த முதல் ஒரு நாள் ஓயாமல் நீந்தி ஆழ்கடலைப் பிடிக்கவே அதன் வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கிறது. வாளியில் துடித்தால் அது அங்கேயே தீர்ந்துவிடும்.

காலையில் நடக்கப் போகும்போது ஆமைக் கூடு தெரிந்தால் நானே முட்டையை எடுத்துப் பத்திரப்படுத்தலாமா?
*வாசகர், காரைக்கால்*

கூடாது. பங்குனி ஆமை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. நல்லெண்ணத்தில் எடுத்தாலும் அது குற்றம்தான். காலையில் நீங்கள் பார்க்கும்போது ஆறு மணி நேரக் கெடுவும் தாண்டியிருக்கலாம்.

தடத்தைப் பாருங்கள். டிராக்டர் போனதுபோல ஒரு கோடு ஏறி, ஒரு கோடு இறங்கியிருக்கும். நடுவில் கலைந்த மணல் இருந்தால் கூடு. குச்சி விட்டுக் குத்திப் பார்க்காதீர்கள், அதில் உடையும் ஒரு முட்டையின் வாடைக்கே நாயும் நரியும் வந்துவிடும். உள்ளங்காலால் தடத்தை அழித்துவிட்டு, பத்தடி தள்ளி உங்களுக்குத் தெரியும் ஓர் அடையாளம் வைத்து, வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை நாய் வராமல் பார்த்துக்கொண்டு அங்கேயே நில்லுங்கள்.